முதல் ஏர்சாஃப்ட் துப்பாக்கி: காசை எதில் போடுவது

சிறு குண்டு சுடும் போலித் துப்பாக்கியோடு ஆடும் ஆட்டம் ஏர்சாஃப்ட். இங்கிலாந்தில் அதை விளையாட ஆரம்பிக்கும் ஒருவர் கையில் 250 பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைச் சுவரில் 240 பவுண்டுக்கு, உலோக உடம்போடு, கையில் எடுத்தாலே ஆசை வரும், அமெரிக்க ராணுவ ரைஃபிள் எம்4 வடிவத்தில் ஒன்று தொங்கும். அதை வாங்காதீர்கள். 250-இல் துப்பாக்கியின் பங்கு 150 மட்டும்தான். மிச்சம் ஏறக்குறைய இப்படிப் போகும்: கண் பாதுகாப்புக்கு 30, வாயையும் பல்லையும் மறைக்கும் வலை முகமூடிக்கு 10, லைபோ (லித்தியம் பாலிமர்) பாட்டரிக்கு 15, அதன் செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜருக்கு 20, ஒரு கிலோ பயோ (மட்கும்) குண்டுக்கு 12, கூடுதல் மேகசின் ஒன்றுக்கு 12. கூட்டிப் பார்த்தால் 249. இதில் எதை விட்டாலும் ஆட்டம் நடக்காது. துப்பாக்கியின் பளபளப்பைக் குறைத்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

வாங்குவதற்கு முன் சட்டம். எப்போது வாங்கலாம் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. 2006-இல் வந்த வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, நிஜத் துப்பாக்கி போலவே தெரியும் போலித் துப்பாக்கியை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. நீங்கள் ஆட்டக்காரர்தான் என்று கடைக்காரர் சரிபார்க்க உதவுவது யுகாரா என்ற ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கத்தின் பதிவு. பதிவு பெற்ற ஒரு களத்தில், முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் இடையே 56 நாளாவது இருக்கும்படி, மூன்று ஆட்டம் ஆடியிருந்தால் அந்தக் களமே உங்கள் பெயரைப் பதியும். வயது 18 ஆகியிருக்க வேண்டும்.

பதிவு இல்லாதவர்களுக்கு, பாதிக்கு மேல் பளிச்சென்ற நீலம், ஆரஞ்சு, பச்சை போன்ற நிறம் அடித்த இருவண்ணத் துப்பாக்கியைக் கடைகள் விற்கும். அதிலும் 18 வயது விதி உண்டு. அவசரப்பட்டு அதை வாங்கி, பிறகு வீட்டில் கறுப்பு பெயின்ட் அடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: போலித் துப்பாக்கியை நிஜம்போல மாற்றுவதும் அதே சட்டத்தில் குற்றம்தான். விலக்கு இருப்பவர் மட்டுமே அதைச் செய்யலாம். எந்த நிறமாக இருந்தாலும் களத்துக்குப் போகும் வழியில் துப்பாக்கி மூடிய பைக்குள் இருக்க வேண்டும். பேருந்திலோ ரயிலிலோ வெளியே எடுக்கவே கூடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து இதைப் படிப்பவர்கள் இணையக் கடையில் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அங்கே அனுமதியில்லாமல் இது வீட்டில் இருந்தாலே வழக்கு வரும்.

அந்த 56 நாளைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். மூன்று ஆட்டத்தையும் வாடகைத் துப்பாக்கியில் ஆடுங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் மூன்று கிலோ எவ்வளவு கனம் என்று தோள் சொல்லும். காட்டில் ஆடுகிறீர்களா, கட்டடத்துக்குள் ஆடுகிறீர்களா, சிங்கிள் ஷாட்டே போதுமா என்பதெல்லாம் அந்த மூன்று நாளில் தெளிந்துவிடும். கண்ணாடியில் பனி படிவதும் அப்போதே தெரிந்துவிடும். புதியவர்கள் பலர் அதனால்தான் மதியத்தோடு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

கண்ணாடி

துப்பாக்கிக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான் என்பதால் இதை முதலில் முடித்துவிடலாம். ஐரோப்பியத் தரமான இஎன்166-இல் மோதல் வலிமைக்கு எழுத்துக் குறி உண்டு. 'எஃப்' (F) என்றால் 0.86 கிராம் எடையுள்ள 6 மி.மீ. எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதினால் தாங்கும். கணக்குப் போட்டால் அது 0.87 ஜூல். களத்தில் அனுமதிக்கும் சாதாரணத் துப்பாக்கியே 1.14 ஜூல் வரை அடிக்கும். ஆக, எஃப் குறி போதாது. 'பி' (B) குறி என்றால் அதே குண்டு 120 மீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 6.2 ஜூல். கண்ணாடியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பி குறியோடு, முகத்தைச் சுற்றி ஒட்டி மூடும் காகிள்ஸ் வேண்டும். பக்கவாட்டில் இடைவெளி விடும் சாதாரண மூக்குக் கண்ணாடி வடிவம் வேண்டாம். இரட்டைத் தகடு வைத்த தெர்மல் கண்ணாடிக்குப் பத்துப் பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாலும் தகும், பனி எளிதில் படியாது. கண்ணை மூடும் கம்பி வலை வகையில் பனி பிரச்சினையே இல்லை. ஆனால் மலிவான குண்டு வலையில் பட்டு உடைந்தால் தூள் உள்ளே போகும். வலை வாய்க்கு நல்லது, கண்ணுக்கு வேண்டாம்.

மின்சாரமா, கேஸா, ஸ்பிரிங்கா

முதல் துப்பாக்கி மின்சாரத்தில் ஓடுவதாக இருக்கட்டும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏஇஜி என்பார்கள். 1991-இல் ஜப்பானின் டோக்கியோ மருய் ஃபாமாஸ் வடிவத்தில் முதல் ஏஇஜியைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் அடுத்தடுத்து வகுத்த கியர்பாக்ஸ் வடிவங்களைத்தான் தைவானிலும் சீனாவிலும் இன்றுவரை செய்துவருகிறார்கள். வாங்குபவருக்கு இதில் பெரிய லாபம்: ஒரு கம்பெனியின் பிஸ்டன் உடைந்தால் இன்னொரு கம்பெனியின் பிஸ்டன் பெரும்பாலும் பொருந்திவிடும்.

கேஸ் பிஸ்டலின் உதைப்பும் சத்தமும் அருமையாக இருக்கும். ஆனால் இங்கிலாந்துக் குளிர் அதற்கு ஒத்துவராது. கிரீன் கேஸ் என்பது சிலிகான் எண்ணெய் கலந்த புரோப்பேன். குளிரில் அழுத்தம் இறங்கும்; நவம்பர் மாதக் காலையில் பாதி மேகசின் தாண்டுவதற்குள் ஸ்லைடு சோம்பிவிடும். மேகசின் ஒன்றே 25, 30 பவுண்டு ஆகும். இரண்டாவது ஆயுதமாக வெயில் காலத்துக்கு வாங்கலாம்.

ஸ்பிரிங் வகையில் ஒன்றை மனசார சொல்லலாம்: ஒரே இழுப்பில் மூன்று குண்டு விடும் சைமாவின் ஷாட்கன். பாட்டரி இல்லை, கேஸ் இல்லை, உள்ளே உடைய அதிகம் ஒன்றும் இல்லை. பட்ஜெட் உண்மையாகவே 100 பவுண்டுக்குள் என்றால், மட்டமான ஏஇஜியைவிட இது எவ்வளவோ மேல்.

மலிவு ஸ்னைப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். 80 பவுண்டுக்குப் பெட்டியில் பார்க்க நன்றாக இருக்கும். அதைத் தூரத்தில் துல்லியமாக அடிக்க வைக்க ட்ரிகர், பிஸ்டன், குண்டைச் சுழலவிடும் ஹாப் ரப்பர், உள்குழல் என்று அதே அளவு காசை, சில சமயம் இரண்டு மடங்கை, மறுபடி கொட்ட வேண்டும். பல களங்களில் ஸ்னைப்பருக்கு 30 மீட்டர் குறைந்தபட்சத் தூரம் விதித்திருப்பார்கள். அதற்குள் ஆள் வந்துவிட்டால் சுட உங்களிடம் இன்னொரு துப்பாக்கி இருக்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியது

150 பவுண்டுத் துப்பாக்கியின் தரத்தை வெளியே தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. விளம்பரத்தில் 'முழு உலோக கியர்பாக்ஸ்' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. இப்போது எல்லாமே அப்படித்தான் வருகின்றன. உள்ளே நடப்பது இதுதான். மோட்டார் சுற்றும், மூன்று கியர்கள் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும், கடைசி கியரின் பாதி வட்டத்தில் மட்டும் பல் இருக்கும், அது பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும், பல் முடிந்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை முன்னால் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். இத்தனையும் நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல். ஆகவே தேய்வது எங்கே என்று யோசித்தாலே எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கியர்களின் அச்சைத் தாங்கும் புஷ் எஃகில், 8 மி.மீ. அளவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் புஷ் கொஞ்ச நாளில் தளர்ந்து, கியர் சாய்ந்து, பல்லைத் தின்ன ஆரம்பிக்கும். பிஸ்டனில் எத்தனை எஃகுப் பல் என்று கேளுங்கள். கடைசிப் பல் ஒன்று மட்டும் எஃகு, மற்றது பிளாஸ்டிக் என்பது அடிமட்டம். பாதி எஃகு நடுத்தரம். 14, 15 பல்லும் எஃகு என்றால் தைரியமாக வாங்கலாம். பின்புறத்திலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால் பெரிய வரம். இல்லாவிட்டால் ஸ்பிரிங் மாற்ற கியர்பாக்ஸ் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். மின்னிணைப்பில் பழைய டமியா பிளக்கைவிட டி பிளக் மேல்: மின்தடை குறைவு, சூடு குறைவு. மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் உள்ளேயே இருந்தால் இன்னும் நல்லது, காரணம் பாட்டரி பகுதியில் வருகிறது.

எம்4 வடிவத்தில் இருப்பது வெர்ஷன் 2 கியர்பாக்ஸ். அதன் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததே: முன்பக்கம் பிஸ்டன் வந்து இடிக்கும் இடத்தில், ஜன்னல்போல வெட்டிய பகுதியின் மூலையில் விரிசல் விடும். ஏகே வடிவத்தில் இருக்கும் வெர்ஷன் 3 அந்த இடத்தில் வலுவானது. மோட்டாரும் அதன் சொந்தக் கூட்டுக்குள் கியர்பாக்ஸோடு பிணைந்திருப்பதால் மோட்டார் இடம் மாறுவது குறைவு. நீண்ட உழைப்பை மட்டும் பார்த்தால் ஏகேதான். ஆனால் எம்4-க்கு மேகசின் எங்கும் கிடைக்கும், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், களத்தில் குண்டு தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடமே மேகசின் கடன் வாங்கலாம். இங்கிலாந்து களத்துக்கு நொடிக்கு 350 அடி வேகத்தில்தான் சுடப்போகிறோம் என்பதால், அந்த அளவு ஸ்பிரிங்குக்கு வெர்ஷன் 2 பல வருடம் தாங்கும். எனவே முதல் துப்பாக்கிக்கு எம்4 போதும்; ஏகே பிடித்தவர்களைத் தடுக்கவும் காரணம் இல்லை.

பெயர் சொல்லியே சொல்வதானால் மூன்று. தைவானின் ஜி அண்ட் ஜி சிஎம்16 ரைடர். பல களங்கள் வாடகைக்குக் கொடுப்பதே இந்த வரிசையைத்தான், தினமும் அடி வாங்கியும் ஓடுகிறது. போலந்தின் ஸ்பெக்னா ஆர்ம்ஸ் கோர் வரிசை. நைலான் கலந்த பிளாஸ்டிக் உடம்பு, சுலப ஸ்பிரிங் மாற்றம், அந்த விலைக்கு உள்ளே தாராளமாகவே கொடுத்திருக்கிறார்கள். இதே கம்பெனியின் எட்ஜ் வரிசை உலோக உடம்பு, விலை கூடுதல், கோர் போதும். மூன்றாவது சீனாவின் சைமா சிஎம்.028, ஏகே வடிவம், பிளாஸ்டிக் உடம்புக்குள் உலோக வெர்ஷன் 3 கியர்பாக்ஸ். மூன்றிலும் குறைந்த விலை பெரும்பாலும் இதுதான். வெளிப் பிளாஸ்டிக்கைத் தட்டினால் பொம்மைச் சத்தம் வரும். அதைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம், உழைப்பு உள்ளே இருக்கிறது.

தூரம் எதில் வருகிறது

எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை அடி என்ற வேகம்) அதிகமானால் தூரம் அதிகம், குழல் நீளமானால் தூரம் அதிகம். இந்த இரண்டு நம்பிக்கையும் நிறையப் பேரின் காசை வீணடித்திருக்கின்றன. ஏஇஜியில் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று இவ்வளவுதான். அதற்குப் பொருத்தமான குழல் நீளத்தைத் தாண்டி நீட்டினால் பயன் இல்லை. 26 முதல் 30 செ.மீ. உள்குழல் உள்ள குட்டை எம்4, நீள எம்16-க்குச் சமமாக அடிக்கும். தூரத்தையும் நேர்த்தியையும் தருவது ஹாப்-அப். உள்குழலின் பின்முனையில், குண்டு நுழையும் இடத்தில், மேலிருந்து ஒரு சிறு ரப்பர் முண்டு கீழே நீட்டிக்கொண்டிருக்கும். குண்டு அதில் உரசிப் போகும்போது பின்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி குண்டை மேலே தாங்கிப் பிடிக்கும். மேக்னஸ் விளைவு என்று பள்ளியில் படித்ததுதான். ரப்பர் சரியாக இருந்தால் 350 அடி வேகத் துப்பாக்கி 50 மீட்டரில் நிற்கும் ஆளைத் தொடும். ரப்பர் கோணலாக உட்கார்ந்தால் 500 அடி வேகமும் வீண்.

ஆகவே வாங்கும்போது ஹாப்-அப் திருகு எந்த வகை என்று பாருங்கள். வட்டமாகச் சுற்றும் ரோட்டரி வகை, சுடும் அதிர்வில் தானாகத் தளராது. பழைய பல்சக்கர வகை சில சமயம் தளரும். ஒரு மேகசின் முடிவதற்குள் குண்டு தாழ ஆரம்பிக்கும். துப்பாக்கி வாங்கி ஆறு மாதம் கழித்து ஏதாவது மேம்படுத்தியே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், பத்துப் பவுண்டுக்கு நல்ல ஹாப் ரப்பர் ஒன்று போடுங்கள். 6.03 மி.மீ. இறுக்கக் குழல், அதிவேக மோட்டார் எல்லாம் அதற்குப் பிறகு.

குண்டைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது 0.20 கிராம். வேகம் அளக்க அது சரி. ஆடுவதற்குக் காற்றில் அடித்துப் போகும், இலை பட்டாலே திசை மாறும். 0.25 அல்லது 0.28 எடுங்கள். கிலோவுக்கு 0.25-இல் 4000 குண்டு, 0.28-இல் ஏறக்குறைய 3570. நாள் முழுக்க ஆடினாலும் அளவாகச் சுடுபவருக்கு ஒரு பை இரண்டு ஆட்டம் வரும். பல களங்களில் மட்கும் பயோ குண்டு மட்டுமே அனுமதி. பை திறந்தால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் உறிஞ்சிய பயோ குண்டு பருத்து குழலில் சிக்கும். தரையில் விழுந்ததைப் பொறுக்கிப் போடவே கூடாது. குண்டின் குறுக்களவு 5.95 மி.மீ., குழல் 6.08 மி.மீ. இவ்வளவு சின்ன இடைவெளியில் ஒரு மணல் துகள் போதும், ரப்பர் கிழிந்துவிடும்.

வேகக் கணக்கு

பெரும்பாலான களங்கள் 0.20 கிராம் குண்டில் 350 எஃப்.பி.எஸ். வரை விடுகின்றன, அதுவே 1.14 ஜூல். 2017-இல் வந்த காவல்–குற்றச் சட்டப்படி தானியங்கியாகச் சுடும் ஏர்சாஃப்டுக்கு உச்சவரம்பு 1.3 ஜூல், ஒற்றையாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். அதைத் தாண்டினால் அது ஏர்சாஃப்ட் இல்லை. அதே 1.14 ஜூல் துப்பாக்கியில் 0.28 குண்டு போட்டால் வேகம் அளக்கும் கருவி 296 என்று காட்டும். வேகம் குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், சக்தி அதேதான். வெளிநாட்டு இணையதளத்தில் 400 எஃப்.பி.எஸ். என்று போட்டதை வாங்கினால் இங்கே களத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்; ஸ்பிரிங் மாற்றும் செலவு உங்கள் தலையில். 320 முதல் 340-க்குள் வருவதை வாங்குங்கள். குளிரில், வெயிலில் ஏறி இறங்கினாலும் வரம்புக்குள் நிற்கும்.

கடையில் வாங்கினால் வேகம் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு எண் போதாது, பத்து ஷாட் வேண்டும். 331, 333, 330, 332 என்று வந்தால் உள்ளே காற்று ஒழுகவில்லை என்று அர்த்தம். 335, 312, 328, 305 என்று துள்ளினால் குண்டைக் குழலுக்குள் தள்ளும் நாசில், பிஸ்டன் தலை ஓ-ரிங், ஹாப் ரப்பர் மூன்றில் ஒன்றில் ஒழுகுகிறது. அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். விலையையும் பெயரையும்விட நம்பகமான சோதனை இதுதான்.

பாட்டரி

7.4 வோல்ட் லைபோ, 1100 முதல் 1300 எம்ஏஎச், 20சி அல்லது அதற்கு மேல். சி என்பது பாட்டரி எவ்வளவு மின்னோட்டம் தரும் என்ற குறி: 1.3 ஆம்பியர்-மணி (1300 எம்ஏஎச்) பெருக்கல் 20 என்றால் 26 ஆம்பியர். சாதாரண மோட்டாருக்கு அது போதும். 11.1 வோல்ட் போட்டால் சரசரவென்று சுடும் என்று யாராவது சொல்வார்கள். சுடும். மாஸ்ஃபெட் இல்லாத துப்பாக்கியில் அந்த மின்னோட்டம் முழுவதும் ட்ரிகரின் செம்புத் தகடுகள் வழியாகப் போகும். ஒவ்வொரு இழுப்பிலும் பொறி பறந்து தகடு கருகும். ஒரு நாள் ட்ரிகர் இழுத்தால் ஒன்றும் நடக்காது. வேகம் கூடும்போது கியர் பல் பிஸ்டனைப் பிடிக்கும் நேரமும் தப்பும். அப்போது பிஸ்டனின் முதல் பற்கள் வழித்துக்கொண்டு போய்விடும்.

வாங்கும் முன் பாட்டரி போகும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். தோளில் அணைக்கும் ஸ்டாக்கின் குழாய்க்குள் போவதற்குக் குச்சி வடிவம் வேண்டும், முன்கைப்பிடிக்குள் போவதற்கு இரண்டாகப் பிரிந்த வடிவம் வேண்டும். வயரைத் திணித்து மூடினால் உறை உரிந்து ஷார்ட் ஆகும். சார்ஜ் போடும்போது பேலன்ஸ் முறையில், 1300 எம்ஏஎச் பாட்டரிக்கு 1.3 ஆம்பியர் வையுங்கள். ஆள் இல்லாத அறையில் போடாதீர்கள். ஒரு செல் 3.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாட்டரி பாழ். சுடும் சத்தம் தொய்ந்தாலே நிறுத்தி மாற்றிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட வேண்டும். உப்பிய பாட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

பெட்டி வந்ததும்

புதுத் துப்பாக்கியின் குழலுக்குள் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். அதோடு சுட்டால் குண்டு இடது வலது என்று கண்டபடி போகும். துப்பாக்கி சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் குழலைத் துடைக்காதவர்கள். மேகசினையும் பாட்டரியையும் கழற்றுங்கள். ஹாப்பை முழுதாகத் தளர்த்துங்கள். பெட்டியோடு வரும் குச்சியின் காதில் நூல் விடாத துணித் துண்டைக் கோத்து, குழல் முனையிலிருந்து மெல்ல உள்ளே விட்டுச் சுழற்றி எடுங்கள். முதல் துணி சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக வரும். துணியை மாற்றி மாற்றி, வெள்ளையாக வரும்வரை செய்யுங்கள். சிலிகான் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது ரப்பரில் ஏறினால் குண்டுக்குப் பிடி கிடைக்காது, சுழற்சியும் வராது.

அடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு சிங்கிளில் இருபது ஷாட். கண்ணைவிடக் காதுதான் இங்கே முக்கியம். நல்ல கியர்பாக்ஸின் ஒலி குட்டையாக, உருண்டையாக இருக்கும். கிறீச்சென்று ஊளையிட்டால் பெரும்பாலும் மோட்டார் உயரம் தவறு. எம்4 கைப்பிடியின் அடித்தட்டில் நடுவே ஒரு சிறு திருகு இருக்கும். மோட்டாரை மேலே தள்ளுவது அதுதான். மிக இறுக்கமாக இருந்தால் மோட்டாரின் பல் கியரை நெரிக்கும், கைப்பிடி சூடாகும். மிகத் தளர்ந்தால் பல் நுனியில் மட்டும் பிடித்துக் கரகரக்கும். அரைக்கால் சுற்று திருகுங்கள், இரண்டு ஷாட் சுடுங்கள், கேளுங்கள். சத்தம் மோசமானால் எதிர்ப்பக்கம் அரைக்கால். சத்தம் அடங்கும் இடம் ஒன்று வரும், அங்கே விட்டுவிடுங்கள்.

ஹாப்பை வைப்பது களத்தில், ஆடப்போகும் அதே குண்டோடு. 40 மீட்டரில் ஒரு மரத்தைக் குறிவைத்து ஒற்றை ஒற்றையாகச் சுடுங்கள். ஹாப் இல்லாமல் குண்டு பாதியிலேயே விழும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பாதை நேராகிக்கொண்டே வரும். கடைசியில் குண்டு தலைதூக்கி மேலே பறந்தால் தாண்டிவிட்டீர்கள். ஒரு பல் பின்னால் வாருங்கள். குண்டின் எடை மாறினால் இந்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கெட்டுப்போனால் சத்தமே பாதி விடை. ட்ரிகர் இழுத்தால் மோட்டார் உய்யென்று ஓடுகிறது, குண்டு வரவில்லை என்றால் பிஸ்டன் பல் போய்விட்டது. எஃகுப் பல் பிஸ்டன் 15 பவுண்டுக்குள் கிடைக்கும். ஒரு 'டிக்' மட்டும் கேட்டு நின்றுவிட்டால் பாட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் சிங்கிளில் சுழற்சி பாதியில் பூட்டிக்கொண்டிருக்கும். நிறைந்த பாட்டரி போட்டு, முழுத் தானியங்கிக்கு மாற்றி ஒரு தடவை இழுத்தால் பெரும்பாலும் விடுபடும். பிஸ்டன் அடிக்கிறது, காற்று வருகிறது, குண்டு மட்டும் ஏறவில்லை என்றால் முதலில் வேறு மேகசின் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஏறவில்லை என்றால்தான் நாசிலைப் பின்னால் இழுக்கும் டேப்பட் தகடு உடைந்திருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். மேகசினைப் பொறுத்தவரை, 300 குண்டு பிடிக்கும் ஹைகேப்பின் சக்கரத்தை அடிக்கடி சுற்ற வேண்டும், ஓடும்போது கிலுகிலுப்பைபோல் சத்தமும் வரும். 120 குண்டு மிட்கேப் மூன்று இருந்தால் நாள் நிம்மதியாகப் போகும்.

பழையது வாங்கலாமா

வாங்கலாம், பாதி விலைக்கு நல்ல துப்பாக்கி கிடைக்கும். ஆனால் 'அப்கிரேடு செய்தது' என்று நீளப் பட்டியல் போட்டு விற்பவற்றில் ஜாக்கிரதை. ஒருவர் கியர்பாக்ஸைப் பலமுறை பிரித்திருக்கிறார் என்பதுதான் அந்தப் பட்டியல் தரும் தகவல்; சரியாக மூடினாரா என்பது அதில் இருக்காது. யாரும் கை வைக்காத, சாதாரணமாக ஆடிய துப்பாக்கியே மேல். நேரில் போய், முடிந்தால் களத்திலேயே சந்தித்து, காலையில் வேகம் அளக்கும் இடத்தில் பத்து ஷாட் சுடச் சொல்லுங்கள். வெளிக்குழலைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். இரண்டு மேகசின் மாட்டி, தளராமல் உட்காருகிறதா, குண்டு ஏறுகிறதா என்று பாருங்கள். முழு மேகசினையும் சுட்டுவிட்டுக் கைப்பிடியைத் தொடுங்கள்: வெதுவெதுப்பு பரவாயில்லை, சூடாக இருந்தால் மோட்டாரோ கியர் அமைப்போ சரியில்லை. பாட்டரி இணைப்பை உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகி மஞ்சளாகியிருந்தால் யாரோ 11.1 வோல்ட்டில் ஓட்டியிருக்கக்கூடும், ட்ரிகர் தகடும் கருகியிருக்க வாய்ப்பு அதிகம். கூடவே பாட்டரி இலவசம் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது எப்படிச் சார்ஜ் ஆனது, எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. 15 பவுண்டுக்குப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்.